திருச்செங்கோட்டு நாகமும் தேவ ஆட்டுக்குட்டியும்

ஈரோட்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் திருச்செங்கோடு. அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியாக விளங்கும் அர்த்தநாரீசுவரர் உச்சியில் எழுந்தருளியிருக்கிறார். மலையேறும் படிவழியில் நாகர் பள்ளம் என்னும் இடத்தில், சுமார் 60 அடி நீளமுள்ள ஐந்தலை நாகம் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. ஜனங்கள் அதற்கு மஞ்சளும் குங்குமமும் சாத்தி வணங்குகிறார்கள். ஆதிசேஷனும் வாயுவும் பலம் பார்த்தபோது சிந்திய சேஷனது உதிரத்தால் மலை சிவந்தது என்பது புராணக் கதை.

"பாம்பைக் கும்பிடுகிறார்களே!" என்று நகைக்கும் கிறிஸ்தவ நண்பர்கள் உண்டு. "அவர்கள் மட்டும் ஆட்டைத் தெய்வம் என்று சொல்லவில்லையோ?" என்று திருப்பிக் கேட்போரும் உண்டு. பள்ளிச் சிறுவர்களிடையேகூட இந்த ஏளனம் எழுகிறது. இரு சாராரும் விவிலியத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம்.

அதில் ஏவாளை வஞ்சித்ததும் சர்ப்பமே. வனாந்தரத்தில் பாம்புக்கடியால் மடிந்த ஜனங்களைக் காக்க மோசே கம்பத்தின்மேல் உயர்த்தியதும் வெண்கலச் சர்ப்பமே. தாம் சிலுவையில் உயர்த்தப்படுவதற்கு அதனையே இயேசுநாதர் உவமையாகக் கூறினார். ஆனால் பிற்காலத்தில் ஜனங்கள் அந்த வெண்கலத்துக்கே தூபங் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா மன்னர் அதை உடைத்துப் போட்டார். அடையாளம் வேறு, ஆண்டவன் வேறு என்பதே அவர் செய்கையின் பொருள்.

ஆட்டுக்குட்டியின் பொருளோ இன்னும் ஆழ்ந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தில், யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றதென்று ஒரு மூப்பர் அறிவிக்கிறார். யோவான் நோக்கும்போது அங்கே நிற்பது பலியிடப்பட்ட ஆட்டுக்குட்டி! பிறரைக் கொல்வதால் அன்று, தன்னையே கொடுப்பதால் வந்த வெற்றி அது. எருசலேமை எண்ணி வருந்திய இயேசுநாதர், குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழிக்கும் தம்மை ஒப்பிட்டார். இறைவனுக்குச் சிறகு உண்டென்று அதைக் கேட்டு எவரும் எண்ணுவதில்லை. மிருகத்தின் பெயரால் சொல்லப்படுவது இறைவனின் உருவம் அன்று. அவன் அருளின் செயல்.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவதும் சரியாகாது. நாகர் இங்கே பூசனை பெறுகிறார்; ஆட்டுக்குட்டி அங்கே உவமையாக நிற்கிறது. வேற்றுமையை மறைக்காமலே ஒருவரையொருவர் மதிக்கலாம் அல்லவா?

இதே படிவழியில் அறுபதாம்படி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்று பொய் சொல்ல அஞ்சி, வழக்குகளைச் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வது இவ்வட்டாரத்து மரபு. அயலார் வழிபாட்டைப் பற்றி வாய் திறக்கும்போதும் அறுபதாம்படியில் நிற்பதாகவே நாம் எண்ணிக்கொள்வோமாக.