இரண்டரை மணி நேர வித்தியாசம்

எங்கள் தெருவில் கேமரா வைத்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பல தோழர்கள் கேட்டுவிட்டார்கள். கேமரா வைப்பது பெரிய காரியமில்லை. பதிவு செய்யும் பெட்டியை, டிவிஆர் என்கிறோமே அதை, யார் வீட்டில் எந்த டிவியில் மாட்டுவது என்பதில்தான் நாங்கள் பாடுபட்டோம்.

தெருமுனை அம்பேத்கர் சிலைக்குக் கம்பிக்கூண்டு போட்டு வருடங்கள் ஆகின்றன. கூண்டு இருந்தும் இரவில் கல் வந்து விழுந்தது. எறிந்தது யார் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் எல்லோர் மனதிலும் கோகுல்ராஜ் வழக்கு இருந்தது. 2015இல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் கேமராக்களில் பதிவானது, முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் நின்றது. மேல்முறையீட்டின்போது 2023இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே போய்க் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். ஆனால் அது கோயிலின் கேமரா. எங்கள் தெருவின் பதிவு எங்கள் கையில் இருக்கட்டும் என்று வீட்டுக்கு வீடு வசூல் செய்து, நான்கு கேமராவும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் போட்ட டிவிஆரும் வாங்கினோம்.

மன்றத்தில் மழை ஒழுகும், பூட்டும் சரியில்லை. அதனால் சிலைக்கு எதிரே இருக்கும் அக்கா வீட்டில் வைத்தோம். அக்காவிடம் இருந்தது கலைஞர் ஆட்சியில் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி. டிவிஆரில் எச்டிஎம்ஐ, விஜிஏ துளைகள்தான். அந்த டிவியில் மஞ்சள், வெள்ளைத் துளைகள் மட்டும். அதிலும் கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும் என்றார்கள். தம்பி ஒருவன் டவுனுக்குப் போய் வாங்கி வந்தான். மாட்டினால் படமே இல்லை. பழைய பிளேயரைப் புது டிவியில் மாட்டுவதற்கானது அது. எங்களுக்கு வேண்டியது அதன் தலைகீழ்: எச்டிஎம்ஐ உள்ளே போய், மஞ்சள் வெள்ளையில் வெளியே வருவது. இரண்டு பெட்டியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வாங்குகிறவர்கள் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். மாற்றி வாங்கி வந்ததும் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டது. கன்வெர்ட்டரின் பக்கத்தில் இருந்த சின்ன சுவிட்சை என்டிஎஸ்சியிலிருந்து பாலுக்குத் தள்ளியதும் நின்றது.

நான்கு கட்டங்களில் எங்கள் தெரு தெரிந்தது. கை தட்டினோம். அக்கா மட்டும் மூன்றாவது கட்டத்தைக் காட்டி, "இது குழாயடி இல்ல? பொம்பளைங்க தண்ணி புடிக்கிறத எவன் எவன் உக்காந்து பாக்கப் போறீங்க?" என்றார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அன்று மாலையே அந்தக் கேமராவை ஊர்ப்பக்கம் பார்க்கத் திருப்பினோம். பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் மட்டும், அதில் ஒருவர் பெண் என்றும் முடிவானது. நம் பிள்ளைகள் யாரோடு பேசுகிறார்கள் என்று வேவு பார்க்கவா வசூல் செய்தோம்?

இரண்டு மாதம் கழித்து, இரவு 1:20க்கு மறுபடி கல். எறிந்துவிட்டு ஓடியவர்களை அண்ணன் ஒருவர் நேரில் பார்த்தார், போனில் மணியும் பார்த்தார். விடிந்ததும் பதிவைத் தேடினோம். முகம் தெரிந்தது, வண்டி தெரிந்தது. பென்டிரைவில் எடுத்துக் கணினியில் போட்டபோதுதான் மேல் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தோம்: 3:50.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? பழைய குழல் டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். நேரம் அந்த ஓரத்தில் இருந்தது. பெட்டியின் கடிகாரமோ தொழிற்சாலையில் வைத்த சீன நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். மாட்டியவரும் மாற்றவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

தம்பி உடனே மெனுவுக்குள் போய் மணியைத் திருத்தக் கை வைத்தான். போனில் இருந்த வழக்கறிஞர் போட்ட சத்தம் அறைக்கே கேட்டது. திருத்தியிருந்தால், பதிவில் கை வைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல அது ஒன்றே போதும். அவர் சொன்னபடி, டிவிஆரின் மணியும் போனின் மணியும் ஒரே சட்டத்தில் தெரியும்படி நிறுத்தாமல் வீடியோ எடுத்தோம். எங்கள் பெட்டியில் பன்னிரண்டு நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அதனால் பெட்டியை அணைத்து வைத்தோம்.

காவல் நிலையத்தில் முதல் கேள்வியே, "உங்க ஆளு 1:20ங்கறாரு, பொட்டி 3:50ங்குது, எதப்பா நம்பறது?" என்பதுதான். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள், ரசீது பேச்சே இல்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கைப்பற்றுதல் மகஜரில் டிவிஆரின் வரிசை எண்ணும், ஹார்ட் டிஸ்க்கின் எண்ணும், கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது என்பதும் ஏறின. வன்கொடுமை தடுப்புச் சட்டப் பிரிவுகளைச் சேர்க்க இன்னொரு நாள் ஆனது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவைப் படித்துவையுங்கள். பழைய 65பியின் இடத்தில் வந்தது. சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்கிற தரப்பு நிரப்ப வேண்டும், இன்னொன்றை நிபுணர். ஹேஷ் மதிப்பும் அதில் வேண்டும். எந்தக் கருவி என்று குறிக்கும் இடத்தில் டிவிஆர் என்று தனியாகவே அச்சிட்டிருக்கிறார்கள்.

வழக்கு நடக்கிறது. பெட்டி இன்னும் திரும்பவில்லை. மறுபடி வசூல் செய்து வேறொன்று வாங்கி, அதே டிவியில் மாட்டியிருக்கிறோம். இந்த முறை நேரத்தை ஓரத்திலிருந்து இழுத்துப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தாயிற்று. தினமும் சீரியல் தொடங்குமுன் அக்கா வயரை மாற்றிச் சொருகி, போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்து மணி பார்க்கிறார். ஒரு நிமிடம் தள்ளியிருந்தாலும் எங்களில் யாருக்காவது போன் வந்துவிடும்.