தேடிப் போக ஓர் ஆள்

விஸ்வநத்தத்தில் நான் வளர்ந்த காலத்தில், படிப்பை விட்ட பையன் வேலை தேடி அலைந்ததில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ் என்ற பட்டாசு ஆலை, அச்சாபீஸ், மூன்றில் ஒன்று அவனை இழுத்துக்கொள்ளும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று 1923-ல் திரும்பிய பிறகு சிவகாசி வட்டாரத்தில் வளர்ந்த வழக்கம் அது. சனிக்கிழமை கூலி கைக்கு வந்துவிடும். ஆனால், "உனக்கு என்னப்பா செய்யப் பிடிக்கும்?" என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை.

அப்படிக் கேட்பதையே உத்தியோகமாகக் கொண்டவர்களை லண்டனுக்குக் குடிவந்த பிறகுதான் பார்த்தேன். யூத் வொர்க்கர் என்பார்கள். இளைஞர் சேவை பற்றி 1960-ல் வந்த ஆல்பிமார்ல் அறிக்கைக்குப் பிறகு அரசுப் பணத்தில் வளர்ந்த துறை. யூத் வொர்க்கர் வாத்தியாரும் அல்ல, போலீசும் அல்ல, முதலாளியும் அல்ல. இஷ்டம் இருந்தால் பையன் வரலாம், இல்லாவிட்டால் எழுந்து போகலாம். அந்தச் சுதந்திரத்துக்காகவே வருகிறான்.

கிழக்கு லண்டனில் நான் மாலையில் உதவிக்குப் போகும் மன்றத்துக்கு ஈழத்துத் தம்பி ஒருவன் வந்தான். காலேஜை நிறுத்திவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தவன். பல வாரங்கள் பூல் மேசையைச் சுற்றியே நின்றான். அங்கே வேலைபார்க்கும் தமிழ் அக்கா வேலைப் பேச்சையே எடுக்காமல் அவனோடு விளையாடினார். ஒருநாள் அவனாகவே, "கட்டட வேலைக்குப் போகலாமெண்டு யோசிக்கிறன் அக்கா" என்றான். வேலை கேட்டுப் போனில் பேச அவனுக்குக் கூச்சம். அக்கா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பாதுகாப்புத் தேர்வுக்குப் படிக்க வைத்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று விடியற்காலை பஸ்ஸில் கூடவே போனார். பிறகு மேஸ்திரி திட்டிய நாளிலும் தம்பி முதலில் கூப்பிட்டது அவரைத்தான்.

2010-க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் இங்குள்ள உள்ளாட்சிகள் பல இந்தச் செலவில் கைவைத்தன. மன்றங்கள் மூடப்பட்டன. அக்கறையோடு தேடி வரும் ஆள் இல்லாத பிள்ளைகள் மறுபடி அறைக்குள் போய்விட்டார்கள்.

எங்கள் ஊரிலும் நிலைமை மாறிவிட்டது. 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு பயராபீஸ் வேலை முன்போல நிச்சயமில்லை. வெடிவிபத்துச் செய்திகளைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் அந்த வேலை வேண்டாம் என்பதும் நியாயமே. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சி தருகிறது. அதன் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் பள்ளி முடித்து மேலே சேராதவர்களுக்கு வழிகாட்டுகின்றன. மனதார வரவேற்கிறேன். ஆனாலும் முகாமுக்கு வருகிறவன் ஏற்கெனவே பாதி துணிந்தவன். வராதவன் டீக்கடை பெஞ்சில் இருக்கிறான். வராதவள் வீட்டுக்குள் இருக்கிறாள்.

அவர்களிடம் போக ஊராட்சிக்கு ஓர் ஆள் வேண்டும். ஊர்ப் பேச்சும் வீட்டு நிலவரமும் தெரிந்தவராக, ஐடிஐ விண்ணப்பத் தேதியும், ஆஃப்செட் மிஷின் ஓட்டப் பழக்கும் அச்சாபீஸும் அறிந்தவராக, மாதச் சம்பளம் வாங்குகிறவராக இருக்க வேண்டும். அரசு இதைச் செய்ய வேண்டும். அதுவரை, வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பொங்கலுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் பணம் அனுப்பும் நாம், அதில் ஒரு பங்கை அப்படிப்பட்ட ஒருவரின் சம்பளத்துக்கு ஒதுக்கலாம்.