டோட்டல் சரி, சுத்தல் எங்கே?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வேலை, வான்கூவர் மழை, சோம்பல் எல்லாம்தான் காரணம். இன்னிக்கு ஃபிசிக்ஸ் எழுதப் போறேன். பயப்படாதீங்க, நான் படிச்சது வெறும் பி.காம்.

பொண்ணை சி.ஏ. படிக்கச் சொன்னேன், கேட்கலை. கம்ப்யூட்டரில் தண்ணி, மணல், பனியெல்லாம் நகர வைக்கிற படிப்புல சேர்ந்துட்டா. (2013-ல் வந்த ஃப்ரோஸன் படத்துல பனி உதிருமே, அந்த வித்தை.) அன்னிலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சு "சாப்பிட்டியா", "ம்" அவ்வளவுதான்.

போன மாசம் ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். அடுக்களை மேஜையில உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தா. ஜெல்லி மாதிரி ஒரு சக்கரம். காத்து இல்லை, உராய்வு இல்லை. ஒரு தடவை சுத்தி விட்டா சுத்திக்கிட்டே இருக்கணும். இவளுது சில நொடியில நின்னுடுது. ரெண்டு வாரமா தப்பு எங்கேன்னு தெரியலை. "விட்டுடறேன்பா, எனக்கு இது வராது."

என்ன சொல்றதுன்னு தெரியாம எனக்குத் தெரிஞ்ச ஒரே கேள்வியைக் கேட்டேன். "டோட்டல் டேலி ஆகுதா?"

ஆகுதாம். பொருள் ஆயிரக்கணக்கான துகள்கள். துகள்கள் தங்கள் உந்தத்தைப் பக்கத்துக் கட்டங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும், விசைக் கணக்கு கட்டத்துல நடக்கும், புது வேகம் துகளுக்குத் திரும்பி வரும். 1950-களில் லாஸ் அலமோஸ்ல ஹார்லோ ஆரம்பிச்ச முறை. பங்கு பிரிக்கிற எடைகளைக் கூட்டினா ஒண்ணு வரணும். அப்போ மொத்த உந்தம் பைசா குறையாது.

நம்ம கிளைக்கும் ஹெட் ஆபீசுக்கும் நடக்கிறதேதான்!

ஒரு பழைய விஷயம் சொன்னேன். விஜயபுரத்திலிருந்து போய் வேலையில சேர்ந்த புதுசு. வேர்க்கடலை வித்த ஒருத்தர் பணத்தை அதே பேர் உள்ள இன்னொருத்தர் கணக்குல ஏத்திட்டேன். அன்னிக்கு டே புக் டேலி, ட்ரையல் பேலன்ஸ் டேலி. ஆறு வாரம் கழிச்சு கவுன்டர்ல வந்து நின்னார், எங்க நைனா வயசு. பொண்ணு கல்யாணத்துக்குப் பணம் எடுக்க வந்தவர். அந்த முகம் இன்னும் மறக்கலை. "டோட்டல் சரின்னா கணக்கு சரின்னு அர்த்தமில்லைம்மா."

சட்டுன்னு நிமிர்ந்தா. சுழல் உந்தத்தை மட்டும் தனியா, ஒவ்வொரு கட்டத்துலயும் கூட்டிப் பார்த்தா. துகளிலிருந்து கட்டத்துக்குப் போகும்போது சரி. திரும்பி வரும்போது குறையுது!

காரணம் எனக்கே புரிஞ்சது. துகள் சுத்தியிருக்கிற கட்டங்களின் சராசரியைத்தான் எடுத்துக்குது. இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே போனா சராசரி பூஜ்யம். சுழற்சி காணாமப் போச்சு. இதுக்கு ஃபிளிப்னு ஒரு மாத்து வழி: வேகத்துல வந்த மாற்றத்தை மட்டும் துகளுக்குக் கொடுக்கிறது. 2005-ல் மணலுக்கு அதைப் பிரபலமாக்கின ஸூ, பிரிட்ஸன் ரெண்டு பேரும் இதே வான்கூவர் யூனிவர்சிட்டிக்காரங்க. துடிப்பா இருக்கும், ஆனா துகள்கள் நடுங்கும்னா.

கடைசியில 2015-ல் வந்த ஏபிக். ஒவ்வொரு துகளும் வேகத்தோட சின்ன மேட்ரிக்ஸ் ஒண்ணும் வச்சுக்கும்; சக்கரத்துக்கு நாலு எண். பக்கத்துல வேகம் எப்படி மாறுதுங்கிற குறிப்பு. நம்ம லெட்ஜர்ல தொகைக்குப் பக்கத்துல எழுதற விவரம்னு வச்சுக்குங்களேன். அதனால சுழல் உந்தமும் தப்பிக்குது.

நான் மூணு மணிக்குத் தூங்கப் போயிட்டேன். காலையில வந்து பார்த்தா மேஜையிலேயே தலை வச்சுத் தூங்கிக்கிட்டிருந்தா. திரையில சக்கரம் இன்னும் சுத்திக்கிட்டிருந்தது. பேட்டரி நாலு சதவீதம். சத்தமில்லாம சார்ஜரைச் சொருகிட்டு ஆபீஸ் கிளம்பினேன்.