வெண்கருவும் ஊர்ப்பெயரும்

ஒரு பண்டம் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்னும் வழக்கு எவ்வளவு நீளக்கூடும் என்பதற்குப் பாவ்லோவா நல்ல உதாரணம். முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, மெல்லிய சூட்டில் உலர்த்தி, மேலே கிரீமும் பழங்களும் வைக்கிற இனிப்பு அது. ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா 1926இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆடினார். அவர் பெயர் தாங்கிய இனிப்பை 1935இல் பெர்த் நகர விடுதியொன்றில் ஹெர்பர்ட் சாக்சே என்ற சமையற்காரர் உருவாக்கினார் என்பது ஆஸ்திரேலியர் கட்சி. 1929இலேயே தங்கள் நாட்டு இதழில் செய்முறை அச்சாகிவிட்டது என்பது நியூசிலாந்துக்காரர் கட்சி. ஒடாகோ பல்கலைக்கழகத்தின் ஹெலன் லீச் இதற்காகவே ஆராய்ந்து 2008இல் ஒரு நூல் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், 1927இல் நியூசிலாந்தில் அச்சான 'பாவ்லோவா' பல வண்ண அடுக்குகள் கொண்ட ஜெல்லி. பெயர் முதலில் பிறந்திருக்கிறது. இன்றைய பண்டம் பின்னால் வந்து அதில் குடியேறியிருக்கிறது. இரு நாடுகளையும் சேராத அந்த நடனமணி 1931இல் ஹாலந்தில் காலமானார்.

வெண்கரு நுரைக்குப் பொதுப்பெயரான 'மெரிங்' என்பதன் மேலும் இத்தகைய கதை உண்டு. சுவிட்சர்லாந்தின் மைரிங்கன் என்னும் ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்ததால் அப்பெயர் என்பார்கள். ஆனால் 1692இல் வெளியான மாசியாலோவின் பிரெஞ்சு நூலில் அது ஏற்கெனவே இருக்கிறது.

நாம் சிரிக்க வேண்டியதில்லை. ரசகுல்லாவுக்காக வங்காளமும் ஒடிசாவும் மோதி, 2017இல் ஒன்றும் 2019இல் மற்றொன்றுமாகத் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றுக்கொண்டன. தமிழ்நாட்டில் வெண்கரு இனிப்பென்றால் தூத்துக்குடி மக்ரூன்தான். வெண்கரு, சர்க்கரை, முந்திரித்தூள், இவை மூன்றே. கூம்பாக, சங்குப்பூச்சியின் கூடு போல இருக்கும். வாயிலிட்டால் கரைந்து முந்திரி மட்டும் நாவில் நிற்கும். இது போர்த்துக்கீசியர் தந்தது என்று ஊரில் சொல்வார்கள். 1530களில் அவர்கள் அக்கரைக்கு வந்தது உண்மை. பிரேசிலின் முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அவர்களே. வெண்கரு நுரை இனிப்பை அவர்கள் மொழியில் 'சுஸ்பீரோ', அதாவது பெருமூச்சு, என்கிறார்கள். ஆனால் மக்ரூன் என்ற சொல்லோ இத்தாலியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஐரோப்பாவில் அதில் பாதாம் சேரும். பாதாமின் இடத்தில் முந்திரி அமர்ந்தபோது பண்டம் நம்முடையதாயிற்றா, அல்லது இன்னும் விருந்தாளிதானா?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியன்று. என் அண்ணி தூத்துக்குடியில் பிறந்து, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நீடாமங்கலத்துக்கு வாழ வந்தவர். வந்த முதல் ஆண்டிலேயே மக்ரூன் செய்தார். அப்போது எங்கள் வீட்டில் மின் அடுப்பு ஏது? இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் இட்டு உலர்த்தினார். வெண்கருவில் மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை எழாது. முந்திரியை அதிகம் அரைத்தால் எண்ணெய் விட்டு நுரை அமுங்கிவிடும். இவற்றையெல்லாம் அவர் கைகள் அறிந்திருந்தன. அறியாதது எங்கள் ஊர்க் காற்று. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு மூன்றாகப் பிரிகிற ஊர் இது. தூத்துக்குடியோ மழை குறைந்து உப்பு விளைகிற ஊர். சர்க்கரை ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் அண்ணியின் மக்ரூன் மறுநாளே பிசுபிசுத்துப் போயிற்று.

அவர் விடவில்லை. உருவைச் சிறிதாக்கினார், முந்திரியைச் சற்றே கூட்டினார், உலர்த்தும் நேரத்தை நீட்டினார். வெறுஞ்சட்டியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து டப்பாவின் அடியில் போட்டு வைத்தார். ஈரத்தை அரிசி வாங்கிக்கொண்டது. இப்படியாக, கடலோரத்துப் பண்டத்தைக் காவிரிப் படுகையின் அரிசி காத்தது.

எங்கள் உறவினர்கள் விரும்பித் தின்றார்கள். ஆனாலும் "தூத்துக்குடிக்காரி பலகாரம்" என்றே சொன்னார்கள். அதில் கேலியில்லை, ஆனால் ஒரு கோடு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய அக்காள் வீட்டுத் திருமணத்துக்கு நானும் உடன் போயிருந்தேன். அண்ணி டப்பாவைத் திறந்து நீட்டினார். அக்காள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம ஊரு மக்ரூன் இல்லட்டி, தஞ்சாவூர்ச் சரக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார்.

திரும்பும் வழியில் வெகுநேரம் பேசாதிருந்தவர் திடீரென்று கேட்டார்: "அங்கே போனா நான் தஞ்சாவூர்க்காரி, இங்கே வந்தா தூத்துக்குடிக்காரி. நடுவுல எந்த ஸ்டேஷன்ல தம்பி நான் எறங்கணும்?"

என்னிடம் பதிலில்லை. பண்டங்களின் பூர்விகத்தை ஆராய்வோர் முதல் அச்சுக்குறிப்பைத் தேடுகிறார்கள். அது அவசியமான வேலைதான். பொய்ப்பெருமைகளைக் களைய அதைவிட்டால் வழியில்லை. ஆனால் புது ஊரின் மழைக்கும் அடுப்புக்கும் ஏற்ப ஒரு பண்டத்தை மறுபடி செய்து பார்த்தவரின் பெயர் எந்த அச்சிலும் ஏறுவதில்லை. எங்கள் ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்றொரு பெயர் இருந்தது. பிரதாபசிம்ம மன்னரின் மனைவியான மராட்டிய அரசியின் பெயர் அது. வாழ வந்தவளின் பெயரை ஊருக்கே வைத்துப் பார்த்த மண், சாதாரண வீட்டு மருமகளிடம் முப்பது ஆண்டு கழித்தும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

அண்ணியின் பேத்தி சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன தையில் ஒரு டப்பா கொண்டுபோனாள். தோழிகளிடம் என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று தொலைபேசியில் கேட்டேன். "நீடாமங்கலம் மக்ரூன்னுதான் சொன்னேன் சின்னத் தாத்தா, வேற என்ன சொல்றது?" என்றாள். பக்கத்தில் இருந்த அண்ணிக்கும் அது கேட்டது. அவர் திருத்தவில்லை. அடுத்த முறைக்கு இன்னும் நான்கு முட்டை கூடுதலாக வாங்கிவரச் சொன்னார்.