வலிக்கு மருந்து கேட்பது தப்பில்லை

என்னிடம் படித்த ஒரு பெண் போன வாரம் இன்பாக்ஸில் கேட்டாள்: "டீச்சர், கருக்கலைப்புக்கு மயக்க ஊசி போடுவாங்களா? கேட்டா நர்ஸம்மா திட்டுவாங்களோ?" அவள் சம்மதத்தோடு, பொதுவாக எழுதுகிறேன்.

அவளுடைய இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்தியது. "அப்போ இனிச்சுது, இப்போ கசக்குதா" என்ற பேச்சு பிரசவ வார்டிலேயே காதில் விழும். கருக்கலைப்பு என்றால் சொல்லவே வேண்டாம். வலியைத் தண்டனையாக நினைக்கிற புத்தி அது. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. கேட்கும் முன்பே வலி மருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

நம் நாட்டில் ஒன்பது வாரம் வரை மாத்திரையால் கலைக்கலாம், டாக்டர் மேற்பார்வையில். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். இந்த இரண்டாவது மருந்து கருப்பையைச் சுருங்க வைக்கிறது, வலி அதனால்தான். பலருக்கு மாதவிலக்கு வலியைவிட அதிகமாகவே இருக்கும். இதற்கு ஐபுபுரூஃபன் நன்றாகக் கேட்கும். அது கருக்கலைப்பு மருந்தின் வேலையைக் கெடுக்காது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, மருந்து அலர்ஜி இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் இதம் தரும்.

உறிஞ்சி எடுக்கும் முறை என்றால் பெரும்பாலும் பத்து நிமிட வேலை. முன்கூட்டியே வலி மாத்திரை, பிறகு கருப்பை வாயைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி. பல் பிடுங்கும்போது போடுவார்களே, அதே வகை. மரத்துப்போகச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அப்போதும் அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது தெரியும். பயமோ வலியோ அதிகமென்றால் நரம்பு வழியாக மருந்து கொடுத்து அரைத்தூக்கத்தில் வைக்கலாம். முழு மயக்கம் எல்லோருக்கும் வழக்கமாகத் தேவையில்லை, அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு. முழு மயக்கம் என்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டும், திரும்பும்போது துணைக்கு ஆள் வேண்டும். கரண்டியால் சுரண்டும் பழைய 'டி அண்ட் சி'யைக் கைவிடச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. எந்த முறை என்று கேட்டே சம்மதியுங்கள்.

'ரிட்டயர் ஆன டீச்சருக்கு ஏன் இந்த வேலை' என்று உறவில் சிலர் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போனவள் நானில்லை.

1971 சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். கணவர், மாமியார் யாருடைய சம்மதமும் சட்டம் கேட்கவில்லை. அவள் பெயர் வெளியே போகக்கூடாது என்றும் சட்டமே சொல்கிறது.

ஒன்று மட்டும் கவனம். மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, இரண்டு மணி நேரம் அப்படியே தொடர்ந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மருந்துக்கும் வலி அடங்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.