60 ரூபாய் பந்து!

ஸ்ரீரங்கத்தில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் சட்டம் மாறும். சித்திரை வீதி தேர் ஓடுகிற அகலம், அங்கே நேராகத் தூக்கி அடிக்கலாம். குறுகிய சந்துகளில் மாடிக்குப் போனால் அவுட், யார் வீட்டுக்குள் போனாலும் அவுட், உள்ளே போய்த் திட்டு வாங்கிக்கொண்டு பந்தை எடுத்து வருவதும் அடித்தவன் பாடு. எந்தத் தெருவிலும் மாறாதது ஒன்றுதான்: பந்துக்குக் காசு போடுவது. தலைக்கு 10 ரூபாய், ஆறு பேர் சேர்ந்தால் ஒரு டென்னிஸ் பந்து.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் ஒருவர் 1990-களில் இப்படிக் காசு போட்டுத்தான் ஆடினார். கொள்ளிடத்தில் பெரும்பாலான மாதங்கள் தண்ணீர் இருக்காது. முக்கொம்பில் மிஞ்சிய வெள்ளத்தைத் திறந்துவிட்டால்தான் அந்த ஆறு ஆறாகும். மணலில் பந்து எழும்பாது என்பதால் கரையோரம் இறுகிய மண்திட்டு தேடி ஸ்டம்ப் நடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து மேட்ச், தோற்ற அணி ஜெயித்த அணிக்குப் புதுப்பந்து வாங்கித் தர வேண்டும். அவர் அணி பெரும்பாலும் பந்து வாங்கியதில்லை. அந்தப் பெருமை இன்னும் அவர் பேச்சில் இருக்கிறது.

அவருடைய மகனுக்கு இப்போது 14 வயது. தெருவில் அவன் அடிக்காத மாடி இல்லை. சென்ற முறை ஒரு தேர்வுக்குப் போனான். அங்கே லெதர் பந்து. மூன்றாவது பந்தில் ஸ்டம்ப் பறந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "டென்னிஸ் பந்துல ஆடி ஆடியே என் ஆட்டம் கெட்டுப்போச்சுப்பா."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. தான் வளர்ந்த பந்தையே பையன் குறை சொல்கிறான். ஆனால் அவன் சொன்னது பொய்யா?

பாதி உண்மை. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது டென்னிஸ் விதி. கிரிக்கெட்டின் லெதர் பந்து 156 முதல் 163 கிராம் வரை. ஏறக்குறைய மூன்று மடங்கு. அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே காற்று இரண்டையும் ஏறத்தாழ ஒரே மாதிரி தடுக்கிறது. கனமான பந்து அந்தத் தடையைப் பொருட்படுத்தாமல் வரும். லேசான பந்து வழியிலேயே வேகத்தை இழக்கும், போதாததற்கு அதன்மேல் இருக்கும் பஞ்சும் காற்றைப் பிடித்து இழுக்கும். பஞ்சு தேய்ந்த பழைய பந்து புதுப்பந்தைவிட வேகமாக வருகிறது என்று தெருப் பிள்ளைகள் சொல்வது கற்பனையில்லை.

அடுத்தது எழும்பல். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் டென்னிஸ் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. லெதர் பந்து அவ்வளவு எழும்பாது. தெருவில் ஆடுகிறவன் இடுப்புக்கு மேலே, மெல்ல வரும் பந்துக்குக் காத்திருந்து குறுக்கே மட்டையைச் சுழற்றப் பழகுகிறான். லெதர் பந்து தரையில் பட்டதும் சறுக்கி, முழங்கால் உயரத்தில், அவன் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடும். மட்டை குறுக்கே போய்க்கொண்டிருக்கும்போதே ஸ்டம்ப் போய்விடும். பையனுக்கு நடந்தது அதுதான்.

விலை குறைந்த பந்து மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. கிரிக்கெட்டுக்கென்று விற்கும் டென்னிஸ் பந்துகளில் பெரும்பாலானவை தடித்த ரப்பரால் ஆனவை, அவற்றின் துள்ளல் அந்த ரப்பரிலிருந்தே வருகிறது. அழுத்தக் காற்று அடைத்த நிஜ டென்னிஸ் பந்து, டப்பாவைத் திறந்த நாளிலிருந்து மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். தெருப்பந்து வெடித்துப் பிளக்கும்வரை உழைக்கும். 60 ரூபாய்க்கு இதைவிட நேர்மையான சரக்கு விளையாட்டுக் கடையில் வேறு உண்டா என்பது சந்தேகம்தான்.

கோல்ஃப் ஆடுகிறவர்களிடமும் இதே வழக்கு உண்டு. கொடைக்கானலில் 1895-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆட்டத்தின் பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதற்குள் விலை உயர்ந்த பந்தும் உண்டு, 'தூரம் போகும்' என்று விற்கும் மலிவுப் பந்தும் உண்டு. மலிவுப் பந்து பெரும்பாலும் இரண்டே அடுக்கு: உள்ளே ரப்பர், வெளியே கெட்டியான பிளாஸ்டிக் உறை. வாராந்திர ஆட்டக்காரர் அடித்தால் விலை உயர்ந்த பந்து போகிற தூரம் இதுவும் கிட்டத்தட்டப் போகும். ஆனால் குழிக்குப் பக்கத்தில், சுழற்றி நிறுத்த வேண்டிய இடத்தில், அது நிற்காமல் உருண்டுவிடும். மலிவுப் பந்து தூரத்தில் ஏமாற்றுவதில்லை, நுணுக்கத்தில்தான் கைவிடும். டென்னிஸ் பந்தும் அப்படித்தான். சிக்ஸர் கொடுக்கும். தையல் இல்லாததால் தையலில் பட்டுத் திரும்பும் பந்தை எப்படி ஆடுவது என்பதை மட்டும் சொல்லித்தராது.

அது சொல்லித்தருவது வேறு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் 20 வயதை ஒட்டும்வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். தையலும் ஸ்விங்கும் உதவாத பந்தில், தூக்கி அடிக்கத் துடிக்கும் மட்டைக்காரனை அடக்க ஒரே வழி காலடியில் யார்க்கர் போடுவது. அந்த யார்க்கர்தான் 2020 ஐ.பி.எல்-லில் அவரை ஊருக்குக் காட்டியது. அந்த ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி கான்பராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். அந்தப் பாதையும் வழவழப்பாக இல்லை. 2015-ல் ரஞ்சியில் அறிமுகமானதும் பந்து வீசும் முறை பற்றிக் கேள்வி எழுந்தது. கை வீச்சைத் திருத்திக்கொண்டுதான் திரும்பி வந்தார். 'லப்பர் பந்து' படம் 2024-ல் ஊர் ஊராக ஓடியதற்கு, இப்படி நடராஜன் ஆகாமல் போன ஆயிரம் பேர் திரையரங்கில் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பொன்மலைக்காரர் ஒருநாள் இரவு காகிதத்தில் கணக்குப் போட்டார். லெதர் பந்து மட்டும் வாங்கினால் போதாது. காலுக்குப் பேட், கையுறை, கார்டு, ஹெல்மெட். மட்டையும் புதிதாக வேண்டும். டென்னிஸ் பந்து மட்டை பின்பக்கம் குடைந்து லேசாகச் செய்தது, லெதர் பந்து பட்டால் விரிந்துவிடும். பயிற்சிக் கட்டணம் தனி. கூட்டிப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். பையனின் அம்மா அதை எடுத்துப் படித்தாள். "ஹெல்மெட்டும் கார்டும் முதல்ல வாங்குங்க, மத்ததைத் தீபாவளிக்குப் பாத்துக்கலாம்" என்றாள். வீட்டில் இருப்பவர்களில் அவள்தான் வரிசையைச் சரியாகப் பிடித்தாள். தலைக்கு வேண்டியதை வாங்காமல் அழகான மட்டையை முதலில் வாங்கித்தரும் அப்பாக்கள் எத்தனையோ பேர்.

அதுவரை? பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு. டென்னிஸ் பந்தைத் தண்ணீரில் நனைத்துச் சிமென்ட் தரையில் போட்டால் அது எழும்பாது, வழுக்கிக்கொண்டு தாழ்வாக, வேகமாக வரும். லெதர் பந்து ஆகிவிடாது, ஆனால் தாழ்ந்து வருகிற பந்துக்கு நேர்மட்டை வைக்கக் கண்ணும் காலும் பழகும். ஊறிய பந்து கனக்கும் என்பதால் அரை மணிக்கு மேல் வேண்டாம், பந்து போடுகிறவரின் தோள் நோகும். அப்பாவின் தோள் இரண்டாம் நாளே நொந்தது.

இப்போது பந்து வாங்க அவரே கடைக்குப் போகிறார். இரண்டு பந்தைத் தோள் உயரத்திலிருந்து சேர்த்து விட்டுப் பார்க்கிறார். ஒன்றாக எழும்பினால் எடுத்துக்கொள்வார். பெருவிரலால் சுற்றிலும் அழுத்துவார், ஓரிடம் மட்டும் அமுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரர் முதல் இரண்டு முறை முறைத்தார், இப்போது அவரே எடுத்துத் தட்டிக் காட்டுகிறார்.

மாலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் ஒரு வாளித் தண்ணீர், அதில் மூன்று பந்து. முதல் வாரம் பையன் பத்துக்கு ஏழு பந்தைக் கோட்டைவிட்டான். இப்போது மூன்று. கைப்பிடிச் சுவர் முழுக்க வட்ட வட்டமாக ஈரத் தடம். காயப்போட்ட புடவையில் ஒன்று விழுந்த அன்றைக்கு மட்டும் ஆட்டம் பாதியில் நின்றது.