பாம்பும் பி.காமும்

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் 'முதல் எவ்வளவு, லாபம் எவ்வளவு' என்றுதான் புத்தி ஓடும். கல்யாண வீடுகளில் மொய் எழுத என்னைத்தான் உட்கார வைப்பார்கள். அக்கா வீட்டில் யார் எதைப் படிப்பது என்றாலும் தீர்ப்பு அடியேனுடையது.

அக்கா பெண் வித்யா ப்ளஸ் டூ முடித்ததும் 'பி.எஸ்ஸி. ஜுவாலஜி' என்றாள்.

"பாம்பு பல்லியைப் படிச்சு என்னம்மா பண்ணப் போறே? பி.காம். சேரு. ஆடிட்டர் ஆபீஸ்ல நானே சொல்லி வைக்கிறேன்."

அத்தான் பலமாகத் தலையாட்டினார். வித்யா அழவில்லை. "மாமா, ஒரு பாம்புக் கதை சொல்லட்டுமா?" என்றாள்.

ஐதராபாத்தில் இருக்கும் சி.சி.எம்.பி.யின் கதை அது. செல், மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி மையம். ஆரம்பத்தில் வேறொரு ஆராய்ச்சிக்கூடத்தில் உயிர்வேதியியல் பிரிவாக ஒண்டுக்குடித்தனம். 1977-ல் பி.எம்.பார்கவா என்ற விஞ்ஞானியின் முயற்சியில் தனி மையமாக உருவெடுத்தது. 1987 நவம்பர் 26 அன்று அதன் சொந்தக் கட்டடத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தவர், அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி.

அதே வருஷம் எடின்பரோவிலிருந்து வந்து சேர்ந்தார் லால்ஜி சிங். மனிதர் பாம்பு ஆசாமி. பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். கட்டுவிரியன் வகைப் பாம்பில் ஆண், பெண் எப்படித் தீர்மானமாகிறது என்று வருஷக்கணக்கில் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் செலவுக் கணக்கு என்னிடம் வந்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்!

அந்தப் பாம்பின் டி.என்.ஏ.வில் 'ஜிஏடிஏ' என்று நாலெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. அதே நாலெழுத்து மனிதனிடமும் உண்டு. எத்தனை தடவை வருகிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். கைரேகை மாதிரி. பாம்பிலிருந்து எடுத்ததை வைத்து ஆளை அடையாளம் காணும் வித்தை இந்தியாவிலேயே தயார்.

"யாருக்கு என்ன லாபம்?" என்றேன், விடாமல்.

"தலசேரியில ஒரு அம்மா ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க மாமா. 'குழந்தை என்னுது இல்லை'ன்னுட்டார் அந்த ஆள். ரத்தம் ஐதராபாத் போச்சு. 'அவர்தான் அப்பா'ன்னு பதில் வந்தது. 1991-ல கேரள ஹைகோர்ட்டும் அதை ஏத்துக்கிச்சு."

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதே வருஷம் மே 21, ஸ்ரீபெரும்புதூர். சிதறிக் கிடந்த உடல் பாகங்கள்ல எது யாரோடதுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னதும் அதே இடம்தான்."

அத்தான் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அன்று ராத்திரி பஸ் எல்லாம் நின்றுபோய், ஏழெட்டு மைல் நடந்தே வீட்டுக்கு வந்தவர் அவர். அப்போது பதினாறு வயது.

"அவர் திறந்துவெச்ச கட்டடத்துக்கேவா போச்சு?" என்றார் மெதுவாக. நாலு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

பிறகு அந்த மையம் கிளைவிட்டது. டி.என்.ஏ. ரேகைக்கென்றே 1996-ல் தனி மையம் பிறந்தது. அழிந்துவரும் விலங்குகளுக்காக ஒரு கூடம் வந்தது. திருட்டு வேட்டையில் சிக்கிய இறைச்சித் துண்டைக் கொடுத்தால் மானா, ஆடா என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் வித்யா சொன்னது. நான் பேலன்ஸ் ஷீட்டைத் தவிர வேறு எதையும் முழுசாகப் படித்தவனில்லை.

"என்னடா, லாபம் உண்டா இல்லையா?" என்றார் அத்தான்.

"அந்த அம்மாவுக்குக் கிடைச்சதை எந்தக் கணக்குல எழுதணும்னு எனக்குச் சொல்லித்தரலை அத்தான்."

அன்று சாயங்காலமே விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். முதல் விருப்பம்: ஜுவாலஜி. இரண்டாவது விருப்பம் என்ற இடத்தில் மட்டும், பழக்க தோஷம், பி.காம். என்று போட்டுவிட்டேன்.

வித்யா பார்த்துவிட்டு அடித்தாள். சிவப்பு மையில்.